டபுள் கெப் வண்டியின் ஆசனச் சூடேற்றி வேலை செய்யவில்லையா? பழுதைக் கண்டுபிடித்துத் திருத்தும் முறை

கொழும்பில் ஓடும் டபுள் கெப் வண்டிக்கு ஆசனத்தைச் சூடாக்கும் வசதி எதற்கு என்று கேட்பவர்கள் பலர். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில், சனவரி, பெப்ரவரி மாதங்களில் புல்லில் உறைபனி படிந்த விடியற்காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு இறங்கியவர்கள் அப்படிக் கேட்பதில்லை. நாட்பட்ட இடுப்புவலியோடு நெடுந்தூரம் ஓட்டுபவர்களுக்கும் முதுகின் அடிப்பகுதியில் படும் மிதமான சூடு பெரிய ஆறுதல். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது என்பதால், நம் வீதிகளில் ஓடும் கெப் வண்டிகளில் கணிசமானவை வயதேறியவை. அவற்றின் ஆசனங்களுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிகளுக்கும் அதே வயதுதான்.

வண்டியின் மின்வேலையை இதுவரை தொட்டிராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் முதலில் வலியுறுத்த விரும்புவது, ஆசனத்தின் உறையைக் கழற்றுவது கடைசியாகச் செய்யவேண்டிய வேலை என்பதே. என் அத்தானின் வண்டியில் இந்தப் பழுதை முதன்முறை பார்த்தபோது, நேரே சாரதி ஆசனத்தின் உறையில் கைவைத்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை அதிலேயே செலவிட்டேன். பழுது ஆசனத்துக்கு அடியில் இருந்த கனெக்டரில் (வயர்களை இணைக்கும் சொருகியில்), பச்சைக் களிம்பு பிடித்த ஒற்றைப் பின்னில் இருந்தது. ஒழுங்குமுறையாகத் தேடியிருந்தால் அரைமணி நேரத்தில் அகப்பட்டிருக்கும்.

அமைப்பைப் புரிந்துகொள்ளல்

ஆசன உறைக்கும் அதன் கீழுள்ள மெத்தைக்கும் இடையில், மெல்லிய துணியில் கம்பியை வளைத்து வளைத்துத் தைத்த ஒரு விரிப்பு இருக்கும். சிலவற்றில் கம்பிக்குப் பதிலாகக் கார்பன் இழை இருக்கும். கடைகளில் இதை ஹீற்றர் பேட் என்று கேட்டால் புரியும். அமரும் பகுதிக்கு ஒன்று, முதுகு சாயும் பகுதிக்கு ஒன்று என ஓர் ஆசனத்தில் பெரும்பாலும் இரண்டு விரிப்புகள் உண்டு. பற்றறியிலிருந்து வரும் மின்சாரம் பியூஸ், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), கைச் சுவிட்ச் அல்லது கட்டுப்பாட்டுப் பெட்டி, ஆசனத்துக்கு அடியிலுள்ள கனெக்டர் ஆகியவற்றைக் கடந்து விரிப்பை அடைந்து, எர்த், அதாவது வண்டியின் உலோக உடல் வழியாகத் திரும்புகிறது. இந்தப் பாதையில் எங்கு துண்டிப்பு ஏற்பட்டாலும் ஆசனம் குளிர்ந்தே இருக்கும்.

விரிப்பு அளவுக்குமேல் சூடாகாமல் இருக்க இரண்டு வழிகளில் ஒன்று பயன்படுத்தப்பட்டிருக்கும். எளிய அமைப்பில், குறித்த வெப்பநிலையை எட்டியதும் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சிறிய தெர்மோஸ்டாட் விரிப்பிலேயே இருக்கும். புதிய அமைப்புகளில் தெர்மிஸ்டர் எனப்படும் வெப்ப உணரி இருக்கும். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறைவதைக் கட்டுப்பாட்டுப் பெட்டி கவனித்து, மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும்.

இந்த இடத்தில் கொழும்பில் இருப்பவர்கள் தனியாகக் கவனிக்கவேண்டிய விடயம் ஒன்று உண்டு. காலி வீதியோரத்தில் நண்பகல் வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற வண்டியின் ஆசனம் தொட முடியாத அளவுக்குச் சூடாக இருக்கும். தெர்மோஸ்டாட் பல வண்டிகளில் 40 பாகை செல்சியசுக்கு அண்மையில் மின்சாரத்தைத் துண்டித்துவிடுவதால், அந்த வேளையில் எந்தப் பழுதும் இல்லாத சூடேற்றிகூட இயங்காது; மீற்றரை வைத்தால் கம்பி அறுந்ததுபோலவே காட்டும். ஆகையால் எல்லாச் சோதனைகளையும் விடியற்காலையில், அல்லது ஏசியைப் போட்டு உட்புறத்தை நன்கு குளிரவைத்த பின்னர், நிழலில் செய்யுங்கள்.

அறிகுறிகள்

சுவிட்சைப் போட்டுப் பத்து நிமிடம் அமர்ந்து, எது நடக்கிறது, எது நடக்கவில்லை என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது மட்டுமே சூடேற்றி இயங்கும் என்பதால் எஞ்சினை இயக்கிய பின்னரே, திறந்தவெளியில் வைத்துப் பாருங்கள். இரண்டு ஆசனங்களும் இயங்கவில்லை என்றால் பழுது இரண்டுக்கும் பொதுவான இடத்தில், அதாவது பியூஸ், ரிலே, பொது எர்த் ஆகியவற்றில் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஓர் ஆசனம் மட்டும் இயங்கவில்லை என்றால் அதன் சுவிட்ச், கனெக்டர், விரிப்பு என்ற வரிசையில் தேடலாம். ஆசனத்தை முன்பின் நகர்த்தும்போது சூடு வந்து போகுமானால், அடியிலுள்ள வயர் மடிந்து மடிந்து உள்ளே அறுந்திருக்கலாம். சுவிட்சின் விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைந்தாலோ விட்டுவிட்டு மின்னினாலோ, கட்டுப்பாட்டுப் பெட்டி ஏதோ ஒரு பழுதை உணர்ந்து தானே நிறுத்துகிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

ஓர் அறிகுறியை மட்டும் மற்றவற்றோடு சேர்த்துப் பார்க்கக்கூடாது. ஆசனத்தில் ஒரு புள்ளி மட்டும் சுடுவது, கருகிய மணம் வருவது, உறையில் சிறிய பழுப்பு வட்டம் தெரிவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும், அந்த நிமிடமே சுவிட்சை நிறுத்தி, சூடேற்றியின் பியூசைக் கழற்றி வைத்துவிடுங்கள். பாதி அறுந்த கம்பியின் முனைகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்கும்போது அந்த இடத்தில் எழும் சூடு, மெத்தையையும் உறையையும் எரிக்கப் போதுமானது.

தேவையான கருவிகள்

ஒரு டிஜிற்றல் மல்டிமீற்றர், 21 வொட் பிரேக் பல்ப் ஒன்று, அதற்கு ஒரு ஹோல்டரும் இரண்டு வயர்த் துண்டுகளும், சொக்கற் தொகுதி, பிளாஸ்டிக் கிளிப் நெம்பும் கருவி, வெட்டுக்குறடு, ரோர்ச் ஆகியவை போதும். மீற்றர் போன்ற மின்பொருட்களைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் வாங்கலாம். கனெக்டர், சுவிட்ச், ரிலே போன்ற வண்டிப் பாகங்களுக்குப் பஞ்சிகாவத்தை இருக்கிறது. அங்கு செல்லும்போது பழைய பாகத்தைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். பின்களின் எண்ணிக்கையும் வடிவமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்கிவருவது வீண் அலைச்சலில் முடியும்.

பியூசிலிருந்து தொடங்குதல்

கையேட்டைப் பார்த்துச் சூடேற்றிக்குரிய பியூசைக் கண்டுபிடியுங்கள். அதைக் கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவுசெய்யாமல், மீற்றரைத் தொடர்ச்சிச் சோதனையில் (மின்பாதை அறுந்துள்ளதா என்று காட்டும் நிலையில்) வைத்து இரு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே அம்பியர் அளவுள்ள புதிய பியூசை மட்டுமே போடலாம். அதுவும் எரிந்தால் பெரும்பாலும் எங்கோ ஒரு வயர் வண்டியின் உடற்பகுதியில் உரசிக்கொண்டிருக்கிறது என்று பொருள்; அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் பெரிய அளவு பியூஸ் போடுவது, பியூசுக்குப் பதிலாக வயரையே உருகவிடுவதாகும். அதே பெட்டியில் அதே இலக்கமுள்ள வேறு ரிலே இருந்தால், இரண்டையும் இடம்மாற்றி ரிலேயையும் சோதித்துவிடலாம்.

ஆசனத்துக்கு அடியில் கைவைக்கும் முன்

இனி எழுதுவதை அவசரமின்றி வாசியுங்கள். பல கெப் வண்டிகளின் முன் ஆசனங்களுக்குள்ளேயே பக்கவாட்டு ஏர்பேக் பொருத்தப்பட்டிருக்கிறது; அதன் கனெக்டரும் வயரும் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். முதலில் ஆசனத்தை அடியைப் பார்க்க வசதியான நிலைக்கு நகர்த்திக்கொள்ளுங்கள். மின்மோட்டாரால் நகரும் ஆசனத்தைப் பற்றறி கழன்ற பின்னர் நகர்த்த முடியாது. பிறகு சாவியை எடுத்துவிட்டு, பற்றறியின் மறைமுனையை (− குறியுள்ள முனையை) கழற்றுங்கள். டொயோட்டா கையேடுகள் குறைந்தது 90 விநாடிகள் காத்திருக்கச் சொல்கின்றன; வேறு தயாரிப்புகள் கூடுதலான நேரம் கேட்பதால், நான் எப்போதும் பத்து நிமிடம் விடுகிறேன். மஞ்சள் கனெக்டரின் பின்களில் மீற்றரை ஒருபோதும் வைக்கக்கூடாது. மீற்றர் அனுப்பும் சிறு மின்னோட்டமும் ஏர்பேக்கை வெடிக்கச் செய்யக்கூடிய அபாயம் உண்டு. அதைக் கழற்றிய நிலையில் சாவியைத் திருப்பினால் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்து, பழுதுக் குறியீடும் பதிந்துவிடும். அதை அழிக்க ஸ்கேனர் தேவைப்படலாம். பயணி ஆசனத்தின் மெத்தையில், ஆள் அமர்ந்திருப்பதை உணரும் உணரி ஒன்றும் இருக்கலாம். சில வண்டிகளில் அதைக் கழற்றி மாட்டினால் மீண்டும் அளவமைக்க வேண்டும் என்பதால், பயணி ஆசனத்தின் உறையைத் திறக்கும் வேலையை முதன்முறை செய்பவர்கள் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

கனெக்டர்

அடியில் தெரியும் கனெக்டர்களில் சூடேற்றிக்குரியது எது என்பதை வயரைத் தொடர்ந்து சென்று அறியலாம். இரண்டு தடித்த வயர்களும், பெரும்பாலும் ஒன்றிரண்டு மெல்லிய வயர்களும் அதில் இருக்கும். கழற்றுவதற்கு முன் கைபேசியில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

என் அனுபவத்தில் மிகுதியான பழுதுகள் இங்கேதான் அகப்பட்டிருக்கின்றன. கொழும்பின் உப்புக்காற்று வெள்ளவத்தை, கல்கிசை போன்ற கரையோரப் பகுதிகளில் நிறுத்தப்படும் வண்டிகளின் பின்களைச் சத்தமில்லாமல் அரிக்கிறது. மழைக்காலத்தில் நனைந்த செருப்புகள் கொண்டுவரும் நீர் தரைவிரிப்புக்குக் கீழே பல நாட்கள் தேங்கி நிற்கிறது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பகுதி மூழ்கியதைப் போன்ற வெள்ளத்தில் வண்டியின் தளம்வரை நீர் ஏறியிருந்தால், அடியிலுள்ள கனெக்டர்களும் கட்டுப்பாட்டுப் பெட்டியும்தான் முதலில் நனைந்திருக்கும். பழைய வண்டி வாங்கியவர்கள், முன்னைய உரிமையாளர் எதைச் சொன்னாலும், இந்தப் பின்களைத் தாங்களே பார்க்கட்டும். வண்டி வெள்ளத்தில் நின்றதா என்பதை அவை மறைக்காமல் காட்டிவிடும்.

பச்சைக் களிம்பு இலேசாக இருந்தால் கொன்டாக்ட் கிளீனர் தெளித்து, மெல்லிய தூரிகையால் தேய்த்து, முழுமையாக உலரவிடுங்கள். பெண் பின் அகன்று தளர்ந்திருந்தால் நுண்ணிய ஊசியால் மெதுவாக இறுக்கலாம். பிளாஸ்டிக் உருகியோ பழுப்பேறியோ இருந்தால் துப்புரவாக்குவதில் பயனில்லை. இரு பக்கங்களையும் வயரோடு மாற்றிவிடவேண்டும். அந்த நிறமாற்றம், தளர்ந்த தொடுகையில் நெடுநாள் சூடு எழுந்திருக்கிறது என்பதற்கான அடையாளம்.

அளத்தல்

கனெக்டர் கழன்றிருக்கும்போதே, ஆசனப் பக்கத்திலுள்ள இரண்டு தடித்த வயர்களுக்கு இடையே மின்தடையை அளவிடுங்கள். அதற்கு முன் மீற்றரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, காட்டும் சிறு எண்ணைக் குறித்துக்கொண்டு, பின்னர் கிடைக்கும் அளவிலிருந்து கழித்துவிடவேண்டும். அளக்கப்போவதே சில ஓம்கள்தான் என்பதால் இந்தக் கழித்தல் முக்கியம். நல்ல விரிப்பு பொதுவாகச் சில ஓம்களைக் காட்டும். சரியான எண் வண்டிக்கு வண்டி மாறுவதால், நன்றாக இயங்கும் மறு ஆசனத்தை அளந்து ஒப்பிடுவதே நம்பகமான வழி. மீற்றர் எல்லையற்ற தடையைக் காட்டினால் கம்பியோ தெர்மோஸ்டாட்டோ துண்டிக்கப்பட்டுள்ளது. அளந்தபடியே மற்றொருவரை ஆசனத்தின் ஓரங்களை அழுத்தச் சொல்லுங்கள். எண் தாவினால் விரிப்பில் பாதி முறிவு இருக்கிறது.

மெல்லிய வயர்கள் இரண்டு இருந்தால் அவற்றுக்கிடையே தெர்மிஸ்டரை அளக்கலாம். பல வண்டிகளில் அது 25 பாகையில் 10 கிலோ ஓமுக்கு அண்மையில் இருக்கும். நம் ஊர்ச் சூட்டில் சற்றுக் குறைவாகவே காட்டும். ஆசனத்தில் ஒருவர் சில நிமிடங்கள் அமர்ந்திருக்கும்போது எண் மெதுவாக இறங்கினால் உணரி நல்லது.

ஆசனப் பக்கம் சரியாக இருந்தால், மின்சாரம் வந்து சேருகிறதா என்று பார்க்கவேண்டும். மஞ்சள் கனெக்டர்கள் யாவும் மாட்டப்பட்டிருப்பதை உறுதிசெய்த பின்னரே பற்றறியை இணைத்து, எஞ்சினை இயக்கி, சூடேற்றியின் சுவிட்சைப் போடுங்கள். இங்கே மீற்றரை மட்டும் நம்பவேண்டாம். ஒரேயொரு நூலிழையில் தொங்கும் வயரிலும் மீற்றர் 12 வோல்ட் என்று காட்டும். ஏனெனில் மீற்றர் மின்சாரம் எதையும் இழுப்பதில்லை என்றே சொல்லலாம். 21 வொட் பல்ப் ஏறக்குறைய 1.75 அம்பியர் இழுப்பதால், வயர் உள்ளே அரித்திருந்தால் பல்ப் மங்கலாக எரிந்து அதைக் காட்டிக்கொடுக்கும். பிரகாசமாக எரிந்தால் வழங்கல் பக்கம் நல்லது. விரிப்பு இணைக்கப்படாவிட்டால் மின்சாரமே விடாத கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் உண்டு. அப்படிப்பட்ட வண்டியில் கனெக்டரை மாட்டிய நிலையில், வயர் நுழையும் பின்பக்கத்திலிருந்து மெல்லிய முனையை நுழைத்து மீற்றரால் அளக்கவேண்டும்.

உறையைத் திறத்தல்

விரிப்பில்தான் பழுது என்று அளவுகள் சொன்ன பின்னரே இதற்கு வரவேண்டும். பற்றறியை மீண்டும் கழற்றி, காத்திருந்து, எல்லாக் கனெக்டர்களையும் விடுவித்து, தண்டவாளங்களை இறுக்கியிருக்கும் நான்கு போல்ட்டுகளைக் கழற்றினால் ஆசனம் வெளியே வரும். கனமானது, இருவர் தூக்குவதே நல்லது. உறையின் கீழோரம் பிளாஸ்டிக் கிளிப்புகளால் சட்டத்தில் கோத்திருக்கும். மேற்புறத்துப் பள்ளங்களில் சிறிய கம்பி வளையங்கள் அதை மெத்தையோடு பிடித்திருக்கும். வளையங்களை வெட்டுக்குறட்டால் வெட்டலாம்; திரும்பப் பொருத்தும்போது புதிய வளையங்களோ சிறிய கேபிள் டைகளோ போதும். இந்தப் பகுதியில் மட்டும் உதவி வேண்டும் என்றால் குஷன் வேர்க்ஸ் ஒன்றுக்கு ஆசனத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். சுருக்கமில்லாமல் உறை இழுப்பது அவர்களுடைய கைத்தொழில்.

கம்பி அறுந்திருக்கும் இடம் பெரும்பாலும் அமரும் பகுதியின் வெளி ஓரமாகவோ, பின் ஆசனத்திலிருந்து பொருள் எடுக்க முழங்கால் ஊன்றும் இடமாகவோ இருக்கும். வயர் விரிப்போடு சேரும் விளிம்பில் முறிந்திருந்தால் மட்டும், செப்புக் குழல் வைத்து நெரித்து இணைத்து, வெப்பம் தாங்கும் உறையிட்டுத் திருத்தலாம். ஈயப்பற்றை நான் பரிந்துரைப்பதில்லை. பல விரிப்புகளின் கம்பியில் அது ஒட்டாது. ஒட்டினாலும் அந்த இடம் விறைத்து, அதற்கு அருகிலேயே மீண்டும் முறியும். அமரும் பரப்பின் நடுவில் முறிந்திருந்தால் விரிப்பை மாற்றிவிடுங்கள்.

அறுந்த பகுதியை விட்டுவிட்டு மீதியை இணைத்துக் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது எவ்வளவு ஆபத்தானது என்பதைக் கணக்கே சொல்லும். 3 ஓம் விரிப்பு 12 வோல்ட்டில் 4 அம்பியர் இழுத்து 48 வொட் சூட்டைத் தரும். அதில் கால்பகுதியைத் துண்டித்துவிட்டால் தடை 2.25 ஓமாகக் குறைந்து, 5.3 அம்பியர் பாய்ந்து, 64 வொட் சூடு எழும். அதுவும் முன்பிருந்த பரப்பின் முக்கால் பங்கில். ஒவ்வொரு அங்குலமும் முன்பைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு சூட்டைச் சுமக்கிறது. உங்கள் பிள்ளைகள் அமரும் ஆசனத்தில் இதைச் செய்ய எவரையும் அனுமதிக்காதீர்கள்.

புதிய விரிப்பு வாங்கும்போது 12 வோல்ட்டுக்குரியதா என்று பாருங்கள்; லொறிகளுக்கான 24 வோல்ட் விரிப்புகளும் சந்தையில் உண்டு. தெர்மோஸ்டாட் இல்லாத மலிவான விரிப்பை வாங்கவேண்டாம். உங்கள் வண்டி தெர்மிஸ்டரை எதிர்பார்க்கும் வகையாக இருந்தால், பொது விரிப்பை வண்டியின் பழைய கட்டுப்பாட்டுப் பெட்டியோடு இணைக்காமல், அதனோடு வரும் தனி சுவிட்ச், தனி ரிலே, தனிப் பியூஸ் ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள். விரிப்பு ஒரு மடிப்பும் இல்லாமல் ஒட்டவேண்டும். மடிந்த இடத்தில் இரண்டு மடங்கு சூடு சேரும். கம்பி விரிப்பை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டக்கூடாது. தோல் உறை இறுகி மாட்ட மறுத்தால் அரைமணி நேரம் வெயிலில் விரித்துவையுங்கள், இளகி இழுபடும்.

இறுதிச் சோதனை

போல்ட்டுகள் நான்கையும் முதலில் கையால் தொடங்கி, கையேடு சொல்லும் இறுக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். விபத்தில் உங்களைப் பிடித்துவைத்திருப்பவை அவை. எல்லாக் கனெக்டர்களும் சொடுக்கென்று பூட்டிய பின்னரே பற்றறியை இணைத்து, ஏர்பேக் விளக்கு சில விநாடிகளில் அணைகிறதா என்று பாருங்கள். பிறகு காலைக் குளிர்ச்சியில் சூடேற்றியை உயர்நிலையில் போட்டு, அமராமல், உள்ளங்கையால் முழுப் பரப்பையும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தடவிவாருங்கள். கால்மணி நேரத்துக்குள் சூடு சீராகப் பரவி, ஒரு நிலையில் நிற்கவேண்டும். ஏதேனும் ஓரிடம் தனித்துச் சுட்டாலோ, சூடு நிற்காமல் ஏறிக்கொண்டே போனாலோ நிறுத்திவிட்டு மீண்டும் திறக்கவேண்டும்.

வீட்டில் நீரிழிவினால் தோலின் உணர்வு குறைந்தவர்களோ, முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்களோ இருந்தால், அவர்களுக்கு இந்த ஆசனம் எவ்வளவு சுடுகிறது என்பதே தெரியாமல் போகலாம். சூடு உணராமலே தோல் வெந்துவிடும். அவர்கள் அமரும்போது சூடேற்றியைப் போடக்கூடாது என்பதை வண்டி ஓட்டும் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பின், ஆசனத்தை முன்னும் பின்னும் முழுமையாக நகர்த்தி, அடியிலுள்ள வயர் எங்கும் இழுபடாமலும் தண்டவாளத்தில் நசுங்காமலும் இருக்கிறதா என்று ரோர்ச் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள்.